நல்லக்கா போட்ட முள்வேலி

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின, பேசியதோடு பயிரும் வைத்தன. வெள்ளெலி தினை விதைத்தது. கீரி மொச்சை போட்டது. இன்றைக்குப் போய்க் கேட்டால் கீரியே இதை ஒத்துக்கொள்ளாது. ஆனால் அப்போது அதற்குத் தோட்டமும் இருந்தது, தோளில் மண்வெட்டியும் இருந்தது.

எல்லாருடைய தோட்டங்களும் ஏரிக்கரைக்குக் கீழே வரிசையாகக் கிடந்தன. மேட்டுப் பக்கம் கடைசியாக இருந்தது நல்லக்கா என்ற ஓணானின் தோட்டம். அவள் தனிக்கட்டை. ஒருத்திக்கு அது ரொம்பப் பெரிய தோட்டம். பாதியில் கத்தரியும் அவரையும் நின்றன. மறுபாதி சும்மா கிடந்தது.

சும்மா கிடந்தது என்று ஊர்தான் நினைத்தது. முந்தின வருஷம் நல்லக்கா களை கொத்திக்கொண்டிருந்தபோது, முட்டைகளைப் புதைத்த இடத்தை மறந்து, தன் கையாலேயே அவற்றைக் கொத்திவிட்டாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எந்தத் தாய் வெளியே சொல்வாள்? இந்த வருஷம் பதினோரு முட்டை. அவற்றை அந்த வெறும் பாதியில் புதைத்துவிட்டு, பக்கத்தில்கூட மண்வெட்டியைக் கொண்டுபோகாமல் இருந்தாள். தூரத்தில் எங்காவது கொத்துகிற சத்தம் கேட்டாலே பயந்துபோய் அந்த இடத்துக்கு ஓடிவந்து பார்த்தாள்.

அந்த ஐப்பசியில் ஏரி உடைந்தது. பள்ளத்துத் தோட்டங்கள் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மணல் மூடிப்போயின. நல்லக்காவின் மேட்டுத் தோட்டம் மட்டும் தப்பித்தது.

தண்ணீர் வடிந்த மறுநாளே கீரி தவசியும் வெள்ளெலி சடச்சியும் அவள் தோட்டத்து வாசலை அடைத்திருந்த படலுக்கு வெளியே வந்து நின்றார்கள். சடச்சியின் முந்தானையில் கொஞ்சம் விதைத்தினை இருந்தது. வெள்ளத்தில் அவளால் காப்பாற்ற முடிந்தது அவ்வளவுதான்.

"அக்கா, எங்க மண்ணு போயிருச்சு" என்றாள் சடச்சி. "நீ சும்மா போட்டிருக்கிற பாதியில ஆளுக்கு ரெண்டு பாத்தி குடு. வெளையறதுல உனக்கும் பங்கு. இந்த விதை ஈரத்தோட இருக்கு, நாலு நாள் போனா வீணாயிரும்."

நல்லக்கா தவசியின் தோளைப் பார்த்தாள். மண்வெட்டியின் நுனி வெயிலில் பளபளத்தது. அவள் தலை இடமும் வலமும் ஆடியது.

"எந்த இடத்தைத் தொடக் கூடாதுன்னு சொல்லுக்கா, தொடாம வேலை செய்யிறோம்" என்றான் தவசி.

அவன் கேட்டது நியாயம்தான். ஒரு கோடு கிழித்துக் காட்டியிருந்தால் போதும். ஆனால் இடத்தைக் காட்டினால் முட்டை இருப்பது தெரிந்துவிடும், தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. மறுபடி தலையை ஆட்டினாள். வந்தவர்கள் திரும்பிப் போய் மணலைச் சுரண்டத் தொடங்கினார்கள்.

அன்றைக்கே நல்லக்கா வேலி போட ஆரம்பித்தாள். கள்ளியை நெருக்கி நட்டாள். இடைவெளியில் இலந்தை முள்ளைச் செருகினாள். படலைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் முள் வைத்தாள். ஒரு கோழிக்குஞ்சு நுழைய இடமில்லை. இவ்வளவு செய்தும் பயம் போனதா என்றால், கூடத்தான் செய்தது. முன்பு சத்தம் கேட்டால் பயந்தாள். இப்போது சத்தம் கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று பயந்தாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி ரொம்ப வாடிப்போயிருக்கியே."

பாம்பு. நல்லக்கா பின்வாங்கினாள்.

"என்னைப் பார்த்தா பயப்படுறே?" என்றது பாம்பு. "நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், உனக்குப் பயம் மண்ணைக் கொத்துறவங்களைப் பார்த்துத்தானே. எனக்குக் கையா இருக்கு, காலா இருக்கு? ஒரு பிடி மண்ணை எனக்குத் தோண்டத் தெரியுமா? நான் உள்ள படுத்திருந்தா, மண்வெட்டி பிடிச்ச ஒருத்தனும் இந்தப் பக்கம் வர மாட்டான்."

நல்லக்கா யோசித்தாள். கை இல்லாததால் தோண்ட முடியாது. தோண்ட முடியாததால் முட்டைக்கு ஆபத்தில்லை. பயந்துபோன மனதுக்கு இந்தக் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. பசித்தவர்களுக்குத் திறக்காத வேலியில், கத்தரிச்செடிக்குப் பின்னால், தன் கையால் ஒரு பொந்து வெட்டினாள். பாம்பு உள்ளே வந்தது.

"எதைக் காவல் காக்கணும்? இடத்தைச் சொன்னாத்தானே சுத்திப் படுக்க முடியும்."

தவசிக்குச் சொல்லாததை அவள் பாம்புக்குக் காட்டினாள். "இந்த மேடுதான் அண்ணே. பதினொண்ணு."

இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் பார்த்தபோது மேடு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மண் பொலபொலவென்று கிடந்தது.

"மழை பேஞ்சா மண்ணு இறங்கும்" என்றது பாம்பு.

ஒரு வாரமாக மழை இல்லை. நல்லக்கா பாம்பைப் பார்த்தாள். அதன் வயிற்றில் வரிசையாக உருண்டைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தோண்டக் கை எதற்கு, மூக்கு போதும் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏன் தங்கச்சி நடுங்குறே?"

"நடுங்கலையே அண்ணே."

பாம்பு கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. நல்லக்கா மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, முள் கிழிக்கக் கிழிக்க வேலியில் ஏறி, உச்சியிலிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டாள். மண்ணுக்குள் இன்னும் ஏழு இருந்தன.

வெளியே கூப்பிடு தூரத்தில் தவசியும் சடச்சியும் மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தவசி வந்தால் பாம்பு நிற்காது. அது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். கீழே பாம்பு தலையைத் தூக்கியது. தொண்டை விம்மிப் புடைத்ததே தவிரச் சத்தம் வரவில்லை. தலை மட்டும்தான் அசைந்தது. வா, வா, வா என்று மேலும் கீழும் ஆட்டினாள்.

"அண்ணே, அக்கா தலையாட்டுறா" என்றாள் சடச்சி.

"வேணாம்னு ஆட்டுவா. அவளுக்கு வேற என்ன தெரியும்."

"இல்லண்ணே, மேலயும் கீழயும் ஆட்டுறா. வரச் சொல்றாப்பல இருக்கு."

தவசி வந்தான். நல்ல மனசுக்காரன், மறு பேச்சில்லாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அங்கேதான் எல்லாம் கெட்டது. அந்த மண்வெட்டி கிட்டே வரவர நல்லக்காவின் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. விருட்டென்று கம்பின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டாள். அவன் நின்றான். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அவன் ஓரடி வைத்தான். அவள் ஓடினாள். இப்படி மூன்று தடவை.

"வான்னு தலையாட்டுறே, வந்தா ஓடுறே" என்றான் தவசி. "உள்ள என்னதான்க்கா இருக்கு?"

முட்டை, பாம்பு. இரண்டே சொல். அந்த இரண்டும் வரவில்லை. தவசி வேலியைச் சுற்றி வந்து பார்த்தான். நுழைய இடமே இல்லை. கத்தரிச்செடிக்குப் பின்னால் முள் மறைத்திருந்த பொந்து அவளுக்கும் பாம்புக்கும் மட்டும்தான் தெரியும். அவன் சலித்துப்போய்த் திரும்பினான். நல்லக்கா அவன் முதுகைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாயும்போது அந்தப் பொந்து வழியாகப் பாம்பு வெளியே வந்து மணலில் ஊர்ந்து போனது. அதன் நடையில் அவசரமே இல்லை. தவசி நிமிர்ந்து பார்த்தான். வயிற்றில் உருண்டை உருண்டையாகப் பதினொன்று. வேலி உச்சியைப் பார்த்தான். தலையாட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தான். அன்று போட்டவன் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. பாம்பைக் கண்ட இடத்தில் பாய்வதே அவன் வேலையாகிப்போனது. ஆனால் அன்று அவன் பாய்ந்தது அந்தப் பதினொன்றுக்கு உதவவில்லை.

சடச்சி வேலியடிக்கு வந்து, "இறங்கி வாக்கா, பாம்பு செத்துப்போச்சு" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். நல்லக்கா இறங்கவில்லை. மண்ணில் கால் வைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று முதல்தான் ஓணான் வேலியில் ஏறிக்கொண்டு, போகிறவர் வருகிறவரைப் பார்த்து வா, வா என்று தலையாட்டுகிறது. யாராவது கிட்டே போனால், அந்தப் பக்கம் ஓடி ஒளிந்துகொள்கிறது.