நேர் வாசலில் ஒரு கண்ணாடி

கிட்ட வந்து உக்காரு. இன்னும் கிட்ட. கால என் மடியில போட்டுக்க. நடுநடுவுல "ம்" சொல்லணும், சொல்லலேன்னா கதை அப்படியே நின்னுபோகும்.

ஒரு ஊர்ல ஒரு தில்லைநாயகி. அவளுக்கு ஒரு மருமக, பேரு பொன்னுருவி. மருமகளுக்கு ஏழாம் மாசம், வெள்ளிக்கெழம வளைகாப்பு. நாலு பொம்பளைங்க வந்து கை நெறைய வளையல் போட்டாத்தான வயித்துப் புள்ள சத்தம் கேட்டுச் சிரிக்கும்?

"ம்."

அப்போ டிவில ஒருத்தரு சொல்றாரு, பெங்சுயின்னு சீன தேசத்து வாஸ்து இருக்காம். வாசல் நல்லா இருந்தா அதிர்ஷ்டம் தானா உள்ள வருமாம். தில்லை விடுவாளா? கிணிங் கிணிங்னு காத்துல ஆடுற மணி வாங்கி நெலையில தொங்கவிட்டா. அப்புறம் தொந்தியத் தள்ளிக்கிட்டு ஹஹ்ஹஹான்னு சிரிக்கிற புத்தர் பொம்மை. அப்புறம் ஆள் ஒசரத்துக்கு ஒரு கண்ணாடி.

"அத்தே, வாசலுக்கு நேரா கண்ணாடி வேணாம்னு அந்த டிவிக்காரரே சொன்னாரே. வர்ற அதிர்ஷ்டம் தன்னையே பாத்துட்டுத் திரும்பிருமாம். பக்கச் செவுத்துல மாட்டுவோம்."

"பக்கத்துல மாட்டினா, இவ்ளோ பெரிய கண்ணாடி நம்ம வீட்ல இருக்குன்னு தெருவுல போறவளுக்கு எப்படிடி தெரியும்?"

டொக் டொக் டொக். நேராவே மாட்டிட்டா.

வெள்ளிக்கெழம மொதல்ல வந்தது பூக்காரி செவத்தா, கையில பந்து பந்தா மல்லி. கிணிங்! தலைய நிமித்தினா, எதிர்ல ஒருத்தி நிக்கிறா, ரவிக்கை தோள்ல கிழிஞ்சு ஊக்குக் குத்தியிருக்கு. அடியாத்தி, நாந்தானா! முந்தானைய இழுத்து மூடினா, பூவப் படியில வச்சா, விறுவிறுன்னு போயிட்டா. ம்?

"ம்."

அப்புறம் எதுத்த வீட்டு சம்பூரணம். கிணிங்! சாயம் போன சேலையப் பாத்தா. "மாத்திட்டு வந்துர்றேன்"னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டுத் திரும்பிட்டா. மாத்த வேற சேல இருந்தாத்தான?

அப்புறம் வந்தது யாரு? பொன்னுருவியப் பெத்த வேலம்மா! புளிசோறு, எலுமிச்சச்சோறுன்னு தூக்குல கட்டிக்கிட்டு, கூட்டத்துல நசுங்கி பஸ்ல வந்திருக்கா. கிணிங்! தல பரட்டை, சேல பூரா புளிக்கறை. "இந்தக் கோலத்துலயா சம்பந்தி வீட்டுக்குள்ள போறது?" தூக்கப் படியில வச்சுட்டுத் தெருக்குழாய்க்குப் போனா. சேலையக் கசக்குறா, கசக்குறா, கறை போகவே இல்ல.

அடுப்படியில இருந்து தில்லை கத்துறா: "ஒருத்தியும் எட்டிப் பாக்கல! உங்கம்மாவுக்குக்கூட வர மனசில்ல பாத்தியாடி!"

பொன்னுருவி மணையில உக்காந்து எல்லாத்தையும் பாத்தவ. கூப்பிட வாயத் தொறக்குறதுக்குள்ள ஒவ்வொருத்தியும் போயிட்டாளே. "அத்தே, வெளிய போய் ஒருக்கா உள்ள வாங்களேன்."

"இதென்னடி வெளாட்டு?"

"போயிட்டு வாங்க."

போனா, திரும்பினா, கிணிங்! கண்ணாடியில பட்டுச்சேல கட்டிக்கிட்டு ஒருத்தி, மூஞ்சி சிடுசிடுன்னு. காலடியில பூவும் தூக்கும். முதுகுக்குப் பின்னால, தெருக்குழாயில ஈரச் சேலையோட ஒடுங்கி நிக்கிற சம்பந்தி. தில்லைக்கு அத்தனை பளபளப்புக்குள்ள ஒளிய ஒரு எடம் இல்ல.

"நாந்தான் வெரட்டிட்டேனா?"

பொன்னுருவி வயித்தத் தாங்கிக்கிட்டு மெல்ல எந்திரிச்சா. தன் கன்னத்துக்குக் கரைச்சு வச்ச சந்தனத்த அள்ளி, சளக் சளக்குன்னு கண்ணாடி மேல பூசினா. உள்ள இருந்த மூஞ்சியெல்லாம் மறைஞ்சுபோச்சு. அப்புறம் வெறுங்காலோட குழாயடிக்கு நடந்தா. தில்லை தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு வளையல் தட்டோட பின்னாலயே வந்தா.

"வராதடி, கறையா இருக்கேன்"னா அம்மாக்காரி.

பொன்னுருவி என்ன பண்ணினா தெரியுமா? அம்மாவோட புளிக்கறைச் சேலைய ரெண்டு கையாலயும் புழிஞ்சா, புழிஞ்ச கைய அப்படியே தன் புதுப் பட்டுல தொடச்சுக்கிட்டா. தொடச்சுட்டு, வெறுங்கை ரெண்டையும் அம்மா முன்னால நீட்டினா.

கதைக்குக் கை நெறைஞ்சுது, நீ கண்ண மூடு.