மார்பளவு

சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் போட்டே சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் இனி என் தூண்டிலில் தவளை மட்டுமே மாட்டட்டும். மீன்கதை சொல்கிறவனின் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு உட்காருங்கள்.

பொன்னுரங்கம் டெலிபோன் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏணி இல்லாமலே கம்பத்தின் உச்சியில் கை வைத்துவிடுவார் என்று ஆபீசில் பேச்சு. அவ்வளவு உயரம். அறுபது வயதுக்குமேல் அவருக்கு மீன்பிடிக்க ஆசை வந்தது. சங்கிலித்துறைக்குப் போய், பரிசல் ஓட்டும் காத்தாயியிடம் சேர்ந்தார். காத்தாயிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அவர் அவளை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார்.

காத்தாயியிடம் எதைக் கேட்டாலும் லேசில் வாயால் பதில் வராது. “வாளை எங்க படுக்கும் வாத்தியாரே?” என்று முதல் நாள் கேட்டார். அவள் அவரைப் பரிசலிலிருந்து ஆற்றில் தள்ளிவிட்டாள். காலில் வழவழவென்று என்னவோ உரசியது.

“அங்கதான் சார்,” என்றாள்.

அந்த வாளை தூண்டிலில் மாட்டியபிறகு பரிசலை எதிர்த்தண்ணீரில் பாலம்வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. பாலத்தில் நின்ற போலீஸ்காரர் ஓரமாகப் போகச் சொல்லி விசில் ஊதினார். நான்தான் முன்னாலேயே சத்தியம் செய்துவிட்டேனே.

குரு சொல்லித்தராத வித்தை ஒன்றைப் பொன்னுரங்கம் தானாகவே கற்றுக்கொண்டார். பாலத்துத் தூணில் நீர்மட்டம் காட்டும் கருவி இருக்கிறது. அது காட்டுகிற எண் மணிக்கொருதரம் இணையத்தில் வரும். அவர் அதைப் போனில் பார்த்துவிட்டுத் துறையில் இறங்குவார். அக்கரைப் பாறைவரை நடப்பார். தண்ணீர் தன் உடம்பில் எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொள்வார். ஒரு மீட்டர் என்றால் முழங்கால். ஒன்று அறுபது என்றால் இடுப்பு. ஒன்று எண்பத்தைந்து என்றால் மார்பு. இரண்டு வருஷம் இப்படி நடந்து பார்த்தார். ஒருநாளும் பிசகவில்லை.

தூண்டில்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்த வாட்ஸாப் குழு ஒன்று உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு அதில் அவருடைய செய்தி வந்துவிடும். மீட்டரில் சொன்னால் யாருக்குப் புரியும்? ஊர்ப் பேச்சிலேயே போடுவார். ‘முழங்கால். கிளம்பலாம்.’ ‘இடுப்பு. பார்த்துப் போங்கள்.’ ‘கழுத்து. திரும்பிப் படுங்கள்.’ அதைப் பார்க்காமல் யாரும் புழு தோண்டப் போனதில்லை.

காத்தாயியிடமும் வாசித்துக் காட்டுவார். அவள் கேட்டுக்கொண்டே கழியை ஆற்றில் குத்திப் பார்ப்பாள்.

“என் போன் மேல நம்பிக்கை இல்லையா வாத்தியாரே?”

“நல்ல போனுதான் சார்,” என்பாள். கழியை எடுத்து, ஈரம் நிற்கிற இடத்தைத் தன் உடம்போடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்னுரங்கத்தின் தங்கை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் போனைப் பார்த்தார். ஒன்று எண்பத்தைந்து. ‘மார்பு. அக்கரைப் பாறைக்கு நடந்தே போகலாம். கெளுத்தி நிற்கும்,’ என்று போட்டார். அச்சாபீஸ் வைத்திலிங்கம் உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வைத்திலிங்கம் பொன்னுரங்கத்தின் சிநேகிதர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே டீக்கடை. நீச்சல் தெரியாது.

மத்தியானம் அவர் உடம்பைக் கீழ்த்துறை நாணலிலிருந்து எடுத்துப் பரிசலில் கொண்டுவந்தது காத்தாயிதான்.

பதினைந்தாம் நாள் காலை பொன்னுரங்கம் சங்கிலித்துறைக்கு வந்தார். தூண்டில் கொண்டுவரவில்லை. முகம் மழிக்கவில்லை. காத்தாயி பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு வைத்திக்குக் காரியம் வாத்தியாரே.”

“தெரியும் சார்.”

“அவன் வீட்டம்மா என்னை ஒரு கேள்வி கேட்டுச்சு. ‘நீங்க போகலாம்னு சொன்னீங்களாமே, அண்ணே’ன்னு. அவ்வளவுதான் கேட்டுச்சு. நாளைக்கு அது முகத்துல முழிக்கணும். ஒரு பதில் வேணும்.”

காத்தாயி தார் பூசினாள்.

“அன்னைக்கு அணையில தண்ணி தொறந்து விட்டிருப்பாங்க.”

“தொறக்கல சார். நான் ஆத்துலதான இருந்தேன்.”

“பாலத்துக் கருவி கெட்டிருக்கும். எண்ணு தப்பா வந்திருக்கும்.”

அவள் மட்டையைத் தாரில் முக்கி எடுத்தாள்.

“சரி, வைத்தி குடிச்சிருப்பான்.”

“டீ குடிச்சாரு. என் தூக்குலருந்து ஊத்திக் குடுத்தேன்.”

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். “அவன பாத்தியா நீ?”

“பாத்தேன். பரிசல்ல வாங்க, அக்கரையில எறக்கி விடறேன்னேன். போனக் காட்டுனாரு. ‘வேணாம் காத்தாயி, பொன்னு போட்டுட்டான், மார்புதான்’னாரு. எனக்கும் மீனக் கொண்டுபோய்க் குடுக்குற அவசரம். கழிய எடுத்துக்கிட்டு நானும் போயிட்டேன்.”

ஆற்றில் ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நடக்க நடக்க ஏறுச்சுன்னா திரும்பியிருக்கலாமே வாத்தியாரே. அவனுக்கென்ன புத்தியா இல்ல?”

“இதுக்கு மேல ஏறாதுன்னு நெனச்சிருப்பாரு.”

“ஏன் நெனச்சான்?”

“நீங்க சொன்னா அவரு நம்புவாருல்ல.”

பொன்னுரங்கம் மணலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கேட்டார்: “என் கணக்கு தப்பா? அத மட்டும் சொல்லு. தப்புன்னா தப்புன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிடறேன். எதுவும் தெரியாம அந்த வாசப்படியில கால் வைக்க முடியல.”

காத்தாயி தார் மட்டையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“இன்னைக்கு எவ்வளவு சார்?”

“நான் இப்பல்லாம் பாக்கறதில்ல.”

“பாருங்க.”

பதினைந்து நாளாகத் தொடாத அந்தப் பக்கத்தை அவர் போனில் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அதே எண்ணு,” என்றார். “ஒண்ணு எண்பத்தஞ்சு.”

“எறங்குங்க.”

அவர் போனைச் சட்டையோடு சுருட்டிக் கரையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். அவள் தார் காயாத பரிசலை விட்டுவிட்டு இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. இடுப்பைத் தாண்டியதும் ஜில்லென்று வயிற்றைப் பிடித்தது. கால் வைக்கிற இடமெல்லாம் கெட்டியான மணல். குழி இல்லை. சுழல் இல்லை. ஒவ்வொரு அடியிலும் ஒரு குழி தட்டுப்படாதா என்று அவர் காலால் துழாவிக்கொண்டே நடந்தார்.

ஆற்றுக்கு நடுவே வந்ததும் காத்தாயி கழியை ஊன்றினாள்.

“இதான் அதிக ஆழம். எங்க நிக்குது சார்?”

அவர் குனிந்து பார்த்தார். “மார்புல.”

“அன்னைக்கும் இவ்வளவுதான்.”

“அப்ப எண்ணு சரி.”

“சரி.”

“கணக்கும் சரி.”

“உங்களுக்குச் சரி.”

அவருக்கு இது புரிந்ததோ இல்லையோ. மறுபடி கேட்க வாயெடுத்தார். அவள் அதற்குள் கேட்டுவிட்டாள்.

“நீங்களும் வைத்தி சாரும் டீக்கடையில ஒண்ணா நிப்பீங்கள்ல. அவரு உங்களுக்கு எதுவரைக்கும் வருவாரு?”

பொன்னுரங்கம் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்ற ஆள். வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். பக்கத்தில் நிற்கிறவன் தலைமேல் வைப்பதுபோல, உள்ளங்கையைக் கவிழ்த்துத் தோளுக்குச் சற்றுக் கீழே பிடித்தார்.

“இதோ, இதுவரைக்கும்.”

கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. விரல் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பார்த்தார். கைக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தார்.

காத்தாயி பரிசலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“அது உச்சந்தலை சார். மூக்கு எங்க இருக்கு?”

பொன்னுரங்கம் கையை இறக்கவில்லை.

கேட்டது உங்களோடு இருக்கட்டும். வேறு யாரிடமாவது சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் சொல்லுங்கள், சொன்னது இன்னார் என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள். அந்த நாற்பது பேரில் என் நம்பரும் இருக்கிறது.