முயலின் லேஸும் சிவப்பு நூலும்

மலைமேல் ஒரு பங்களாத் தோட்டத்தில் ஒரு முயலும் ஒரு முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த வளைகளில் குடியிருந்தார்கள். முயலின் பெயர் பூங்காவனம். முள்ளம்பன்றியின் பெயர் வேலாயி. இருவருக்கும் பின்னல் வேலை தெரியும்.

ஊசி வாங்க அவர்கள் கடைக்குப் போனதில்லை. வேலாயியின் முதுகிலிருந்து உதிர்ந்த முட்களே இருவருக்கும் போதும். நூலுக்கும் கவலை இல்லை. மார்கழியில் செம்மறி ஆடுகள் தோட்டத்து முள்வேலியை உரசிக்கொண்டு போகும். வேலி பிடித்து வைத்துக்கொண்ட ரோமத்தைப் பொறுக்கி வந்து திரித்தால் நூல்.

வேலாயி சாக்ஸ் பின்னுவாள். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் பனிக்காலத்தில் தோட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அவள்தான் பின்னிக் கொடுத்தாள். நான்கு கால் உள்ளவர்களுக்கு நான்கு, இரண்டு கால் உள்ளவர்களுக்கு இரண்டு. மரவட்டையும் ஒருநாள் வந்து விசாரித்தது. வேலாயி பேசாமல் கைகூப்பினாள். அது புரிந்துகொண்டு திரும்பிப் போயிற்று.

பூங்காவனம் லேஸ் மட்டும்தான் பின்னுவாள். லேஸ் என்றால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஓட்டைகளை ஒழுங்காக வரிசைப்படுத்தி, அவை ஓடிப்போகாமல் சுற்றிலும் நூலால் கட்டி வைப்பதற்குப் பெயர் லேஸ். இந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் பூங்காவனத்தின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அவை பெரிய காதுகள்.

வேலாயிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பத்து வரிசை பின்னியதும் ஊசியில் ஏறியிருக்கும் நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, எண்ணிப் பார்ப்பாள். சரியாக இருந்தால், அந்த வரிசையில் உள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஒரு சிவப்பு நூலைக் கோத்துவிடுவாள். வேலியில் சிக்கிய ஒரு பழைய காற்றாடியின் நூல் அது. பின்னால் எங்கேயாவது தப்பு நேர்ந்தால், சிவப்பு நூல் வரைக்கும் பிரித்தால் போதும். அதற்குக் கீழே ஒரு கண்ணியும் நழுவாது. வேலை முடிந்ததும் நூலை உருவிவிடலாம்.

பூங்காவனத்துக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

"என்னடி வேலாயி! பின்ன உட்காரும்போதே தப்புப் பண்ணுவேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் உட்காருவியா?"

"பண்ணாமலா இருக்கப்போறேன்?" என்றாள் வேலாயி.

"நான் பண்ணமாட்டேன்!"

"ரொம்ப நல்லது. உன் பங்கு நூலும் எனக்கே மிச்சம்."

மாசி பிறந்தது. புல்லில் உறைந்திருந்த பனி போய், வெறும் ஈரம் மட்டும் மிஞ்சியது. இலையே இல்லாத பீச் மரம், யாரையும் கேட்காமல் கிளையெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்தது. தேனீக்கள் வந்தன. அந்த மரத்தில் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவி செங்கமலம் ஒரு காலையில் பூங்காவனத்தைத் தேடி வந்தாள்.

"பூங்காவனம் அக்கா, ஒரு உதவி."

"சொல்லு. கூட்டுக்கு லேஸ் திரை வேணுமா?"

"திரை இல்லக்கா, வலை. போன வருஷம் காத்துல கூடு சாய்ஞ்சு என் மூத்த குஞ்சு கீழே விழுந்துடுச்சு. கீழே பங்களாப் பூனை உட்கார்ந்திருந்தது."

செங்கமலம் திரும்பித் தன் கூட்டைப் பார்த்தாள்.

"இப்போ மூணு முட்டை இருக்கு. கூட்டுக்குக் கீழே நாலு கிளையில இழுத்துக் கட்டுற மாதிரி ஒரு வலை பின்னித் தருவியா? பாரம் தெரியக் கூடாது. காத்துக்கு வழி விடணும். உன் லேஸ்தான் அதுக்குச் சரி."

பூங்காவனத்தின் காதுகள் நிமிர்ந்தன. "அறுபது வரிசை, இலை வேலைப்பாடு. குஞ்சு பொரிக்கிற அன்னிக்குக் கட்டிடலாம். கவலையை விடு!"

அன்றே உட்கார்ந்தாள். ஊசிகள் டிக்டிக்கென்று ஓடின. பக்கத்துப் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் ராயப்பன் வேடிக்கை பார்த்தான். வேடிக்கை பார்ப்பதுதான் ராயப்பனின் தொழில். நான்கு கால்களிலும் வேலாயியின் சாக்ஸ் போட்டுக்கொண்டு அதைச் செய்தான்.

"பத்து வரிசை ஆச்சு, அக்கா. சிவப்பு நூல் கோக்கலையா?"

"அதெல்லாம் மூட்டை பின்றவங்களுக்கு!" என்றாள் பூங்காவனம். சாக்ஸைத்தான் மூட்டை என்றாள். வேலாயிக்கும் அது கேட்டது. முட்கள் லேசாகச் சிலிர்த்து அடங்கின.

ஐம்பத்திரண்டாம் வரிசையில் பூங்காவனம் நிமிர்ந்து, வேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசித்தாள். ரசித்த முகம் மெல்ல மாறியது. நாற்பதாம் வரிசையில், ஓர் இலையின் நரம்பு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவிச் சும்மா நின்றது.

திரும்பிப் போய்ச் சரிசெய்ய வேண்டும். ஆனால் லேஸைப் பிரிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? ஊசியை உருவியதும் எல்லாக் கண்ணிகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அதை ராயப்பன் பார்ப்பான். வேலாயியும் பார்ப்பாள்.

பூங்காவனம் சுற்றுமுற்றும் பார்த்தாள். "லேஸ்னாலே ஓட்டைதானே? ஒரு ஓட்டை கூடினா யாருக்குத் தெரியப் போகுது?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஐம்பத்து மூன்றாம் வரிசைக்குப் போனாள்.

முட்டைகள் பொரிந்த அன்று வலை மரம் ஏறியது. காலை வெயிலில் இலை இலையாக மின்னியது. தோட்டமே அண்ணாந்து பார்த்தது. "அக்கா, இது வலையே இல்ல, சொர்க்கத்து ஊஞ்சல்!" என்று சொல்லிக்கொண்டே ராயப்பன் கிளை வழியாகப் போய், யாரும் அழைக்காமலே நடுவில் மல்லாந்து படுத்தான்.

அவன் படுத்த இடம் நாற்பதாம் வரிசை.

சர்ர்ரென்று ஒரு சத்தம். நழுவி நின்ற கண்ணி கீழ் வரிசையை அவிழ்த்தது. அது அதற்கும் கீழ் வரிசையை அவிழ்த்தது. இமைக்கும் நேரத்தில் வலையின் விளிம்புவரை நீளமாக ஒரு வாசல் திறந்தது. ராயப்பன் அந்த வாசல் வழியாக, மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சாக்ஸின் குதிகால் பின்னிக்கொண்டிருந்த வேலாயியின் முதுகில் போய் விழுந்தான். நல்லவேளையாக அவள் சத்தம் கேட்டு முட்களை மடக்கியிருந்தாள். இல்லையென்றால் இந்தக் கதைக்கு வேறு நீதி எழுத வேண்டியிருந்திருக்கும்.

"சொர்க்கம் எப்படி இருந்துச்சு, ராயப்பா?" என்று கேட்டாள் வேலாயி.

யாரும் சிரிக்கவில்லை. செங்கமலம் கிழிந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூல் மோசம்," என்றான் ராயப்பன், உடம்பைத் தட்டிக்கொண்டே. "அக்கா மேல தப்பே இருக்காது."

பூங்காவனத்துக்குத் தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது. அவள் காதுகள் மெல்ல முதுகோடு படிந்தன.

"நூல் மோசமில்ல. நாற்பதாம் வரிசையில கண்ணி விட்டுட்டேன். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா கட்டின?" என்றாள் செங்கமலம். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பூங்காவனத்தைச் சுட்டது. கோபமாக இருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம்.

"குஞ்சுங்க எப்போ கூட்டு விளிம்புல ஏறும்?" என்று கேட்டாள் முயல்.

"பத்து நாள்ல."

பூங்காவனம் வலையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வேலாயியிடம் போனாள்.

"அந்தச் சிவப்பு நூல் மிச்சம் இருக்கா?"

"உன் பங்கு அப்படியே இருக்கு," என்றாள் வேலாயி. சொல்ல வேண்டிய வேறு பல வார்த்தைகளும் அவளிடம் இருந்தன. அவற்றை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டது, அவள் பின்னிய எந்தச் சாக்ஸையும்விடக் கடினமான வேலை.

ஆனால் வலை பாதி சிக்காகிவிட்டிருந்தது. நல்ல நூல் அதில் கொஞ்சம்தான் தேறியது. ஆடுகளோ மேல் மலைப் புல்வெளிக்குப் போய்விட்டன. வேலியில் ஒரு ரோமம் இல்லை.

வேலாயி குனிந்து தன் கால்களிலிருந்த நான்கு சாக்ஸையும் கழற்றினாள். "வெயில் வந்தாச்சு. இனிமே இது எதுக்கு? பிரி."

"மூட்டைன்னு சொன்னேனே, வேலாயி..."

"மூட்டைதான். மூட்டையிலதான் நூல் நிறைய இருக்கும். பிரிடீ!"

செய்தி தோட்டம் முழுக்கப் பரவியது. அணில் வந்து கழற்றிக் கொடுத்தது. காடை வந்தது. எலிக் குடும்பம் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தது. ராயப்பன் மட்டும் தயங்கித் தயங்கி மூன்று சாக்ஸைக் கொடுத்தான்.

"நாலாவது எங்க?" என்றாள் வேலாயி.

"தொலைஞ்சு போச்சு!"

பீச் மரத்துக் கிளை ஒன்றில் பூக்களுக்கு நடுவே அது ஒளிந்திருந்தது வேலாயிக்குத் தெரிந்தே இருந்தது. மனம் மாறட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் பிரித்தார்கள். மூன்றாம் நாள் பூங்காவனம் பின்னத் தொடங்கினாள். பத்து வரிசை பின்னினாள், எண்ணினாள், சிவப்பு நூல் கோத்தாள். இன்னும் பத்து. எண்ணினாள். இன்னொரு நூல்.

"அக்கா, இப்படி எண்ணிக்கிட்டே இருந்தா நேரம் போகாதா?" என்றான் ராயப்பன்.

"போகும். பேசாம இரு."

எட்டாம் நாள் மாலை. ஐம்பத்தெட்டாம் வரிசை. மேலே குஞ்சுகள் மூன்றும் ஒரே நேரத்தில் கத்தின. பூங்காவனத்தின் கவனம் ஒரு கணம் மேலே போனது. திரும்பி எண்ணினாள். ஒன்று குறைந்தது. தேடினாள். நழுவிய கண்ணி நான்கு வரிசை கீழே ஓடி, அதே போலத் தனியே நின்றது.

தோட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பூங்காவனம் இரண்டு ஊசிகளையும் உருவிக் கீழே போட்டாள்.

"ஐயோ!" என்று கண்ணை மூடிக்கொண்டான் ராயப்பன்.

அவள் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரிசைகள் மளமளவென்று அவிழ்ந்தன. ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து... ஐம்பதில் நின்றது. சிவப்பு நூலின்மேல் அத்தனை கண்ணிகளும், கரண்டுக் கம்பியில் குருவிகள் உட்கார்ந்திருப்பதுபோல, வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

பூங்காவனம் ஊசியை எடுத்து அவற்றைத் திரும்ப ஏற்றினாள். போனது ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் சாயங்காலம் வலை மரம் ஏறியது. இந்த முறை ராயப்பன் படுத்துப் பார்க்கவில்லை. வேலாயி ஒரு பைன் காயைக் கொடுத்தாள். செங்கமலம் அதை மேலேயிருந்து போட்டாள். வலை தாழ்ந்து, எழுந்து, காயைத் தூக்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் காலையில் காற்று வந்தது. பீச் பூக்கள் மழைபோல் கொட்டின. கூடு சாய்ந்தது. விளிம்பில் ஏறி நின்று உலகத்தை அளந்துகொண்டிருந்த குஞ்சு ஒன்று, இறக்கை என்பதன் பயன் இன்னும் தெரியாமல், தலைகுப்புற விழுந்தது. மரத்தடியில் பங்களாப் பூனை தயாராக வாயைத் திறந்தது.

குஞ்சு வலையில் விழுந்தது. ஒருமுறை துள்ளியது. இன்னொருமுறை துள்ளியது. எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது!" என்றது.

அதே காற்றில் கிளையிலிருந்து ராயப்பனின் நாலாவது சாக்ஸ் நழுவியது. அது நேராகப் போய்ப் பூனையின் திறந்த வாயில் இறங்கியது. ஒரு குளிர்காலம் முழுக்க ஓணான் போட்டிருந்த சாக்ஸ் அது. பூனை அதன்பிறகு அந்த மரத்துப் பக்கமே வரவில்லை.

"ராயப்பா, தொலைஞ்சது கிடைச்சிடுச்சு!" என்றாள் வேலாயி.

செங்கமலம் பறந்து வந்து பூங்காவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் காதில் ஒட்டியிருந்த ஒரு பீச் இதழை அலகால் எடுத்துப் போட்டாள். பூங்காவனத்துக்கு அது போதுமாக இருந்தது.

ராயப்பனால் சும்மா இருக்க முடியவில்லை. வலையை உற்றுப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"அக்கா! எல்லா சிவப்பு நூலையும் உருவிட்டு, ஐம்பதாம் வரிசையில மட்டும் மறந்துட்டீங்க!"

"மறக்கலடா," என்றாள் பூங்காவனம், காதுகளை நிமிர்த்தி. "அது அழகுக்கு. இதெல்லாம் நுணுக்கமா பின்றவங்களுக்குத்தான் புரியும். சிவப்பு நூல் இல்லாம லேஸ் பின்றவங்களைப் பார்த்தா எனக்கு எவ்வளவு பாவமா இருக்கு தெரியுமா?"

வேலாயி சிரித்த சிரிப்பில் அவள் முதுகிலிருந்து ஏழெட்டு முட்கள் உதிர்ந்தன. அடுத்த பனிக்காலத்துக்கு ஊசி ஆயிற்று.

தவறே செய்யமாட்டேன் என்று கிளம்புகிறவர் பாதியில் நிற்பார். தவறினால் எதுவரை திரும்பி வருவது என்று குறித்துக்கொண்டு கிளம்புகிறவர் வேலையை முடிப்பார்.