மிளகி வரிசையை விட்ட நாள்

இலுப்பை மரத்தடியில் பிள்ளையார் எறும்புகள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தன. ஆளுக்கொரு சாமை அரிசி. மேலே மேகம் கறுத்துவிட்டது. மழைக்கு முன் புற்றுக்குப் போய்ச் சேர வேண்டும்!

அந்த எறும்புகளுக்கு ஒரே சட்டம்தான். முன்னால் போகிறவள் பின்னாலேயே போ. ஏன், எதற்கு என்று கேட்காதே.

எல்லாருக்கும் முன்னால் கடுகி. கடுகிக்குப் பின்னால் மிளகி. மிளகிக்குப் பின்னால் எள்ளி. அப்புறம் எண்ண முடியாத கூட்டம்.

வேரைச் சுற்றித் திரும்பும்போது மிளகிக்கு ஒரு குரல் கேட்டது.

"ஐயோ, விழுந்துட்டேன்! யாராவது வாங்களேன்!"

பொடி மணலில் புனல் மாதிரி ஒரு குழி. குழியானையின் வீடு அது! மணலுக்கடியில் ஒளிந்திருந்து, சறுக்கி விழுகிறவர்களைப் பிடித்துத் தின்கிற பூச்சி. பாதிச் சரிவில் ஒரு குட்டி மரவட்டை தவித்துக்கொண்டிருந்தது. அடியில் இரண்டு கொம்புகள் விரிந்து காத்திருந்தன.

"அக்கா, நில்லுங்க! ஒரு பிள்ளை குழியில கிடக்குது!"

கடுகி திரும்பவே இல்லை. "நம்ம புத்துப் பிள்ளையா அது? நீ ஒருத்தி போய் என்னத்தைக் கிழிக்கப் போறே? நடடி!"

மிளகியின் கால்கள் நடந்தன. மனசு குழிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அம்மா!" என்று மறுபடியும் அந்தக் குரல்.

மிளகி சாமையைப் பொத்தென்று போட்டாள். வரிசைக்கு வெளியே காலை வைத்தாள். பிறந்தது முதல் செய்யாத காரியம்! சரிவில் இறங்கினாள்.

"வந்துட்டேன்! என் பக்கம் நட!"

"நடக்க முடியலையே அக்கா!"

"இத்தனை காலை வச்சுக்கிட்டு நீயே முடியலைன்னா, ஆறு காலுக்காரி நான் என்ன செய்ய?"

கீழேயிருந்து குழியானை மணலை வாரி வீசியது. "ஒண்ணுக்கு ரெண்டு! இன்னைக்கு விருந்துதான்!"

பயம் வந்தால் மரவட்டை சுருண்டுகொள்ளும். குட்டியும் சுருண்டது. சுருண்டதும் உருண்டது, நேரே கொம்புகளை நோக்கி! மிளகி பாய்ந்து அதைக் கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சறுக்கினார்கள்.

சட்டென்று மிளகியின் பின்னங்காலை யாரோ பற்றினார்கள். எள்ளி!

"நீ எங்கடி இங்கே?"

"நீ திரும்பினே, நானும் திரும்பினேன். அதானே சட்டம்? ஆமா, நாம எங்க போறோம்?"

எள்ளியின் காலை இன்னொருத்தி பிடித்திருந்தாள். அவள் காலை வேறொருத்தி. குழி விளிம்பைத் தாண்டி, வேரைத் தாண்டி, வரிசை மொத்தமும் திரும்பியிருந்தது!

"எதுக்குடி இழுக்கறோம்?"

"யாருக்குத் தெரியும்? முன்னால இருக்கறவ இழுக்கறா, நீயும் இழு!"

மிளகி கத்தினாள். "தம்பி, சுருளாதே! நீண்டு கொடு! அப்பத்தான் பிடி கிடைக்கும்!"

குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு மெல்ல நீண்டது. எட்டின காலையெல்லாம் மிளகி சேர்த்துப் பிடித்தாள்.

"இழு!"

டக்! கொம்புகள் மூடின. குட்டியின் வாலுக்கும் கொம்புக்கும் மயிரிழைதான் இடைவெளி! சர்ரென்று மேலே வந்து எல்லாரும் குவியலாக விழுந்தார்கள்.

"ஒரே ஒரு எறும்புதானே இறங்குச்சு!" என்று குழிக்குள் குழியானை புலம்பியது.

அங்கே புற்று வாசலில் கடுகி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருத்தியும் இல்லை! வந்த வழியே ஓடினாள். மரத்தடியில் ஒரே கும்மாளம். நடுவில் மணல் அப்பிய முகத்தோடு மிளகி.

"நீ ஒருத்திதானேடி போனே?"

"ஆமாக்கா," என்று மூச்சு வாங்கினாள் மிளகி. "நான் ஒருத்திதான் போனேன்."

கடுகி குனிந்தாள். கீழே கிடந்த மிளகியின் சாமையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

முதல் மழைத்துளி சொட்டென்று விழுந்தது. வரிசை மறுபடியும் கிளம்பியது. கடைசியில், அத்தனை கால்களையும் எட்டிப் போட்டு, மரவட்டைக் குட்டியும் வந்தது!

ஒருத்தர் மட்டும் போய் என்ன ஆகும் என்று நிற்காமல் உதவிக்கு முதல் அடியை எடுத்து வைத்தால், பின்னால் வருகிறவர்களுக்கு அதுவே வழியாகும்.