வண்டி திரும்பும் வளையம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் பொன்மலை சகாயமேரி அக்கா. போன வருஷம் தவக்காலத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து கோயில் வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது சொன்னார். ஆட்டோ வந்தது. அக்கா ஏறவில்லை. இரண்டாவது ஆட்டோவும் வந்து போனது.

அவர் சொன்னதில் கரண்ட் விஷயம் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த மட்டும் சொல்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ராயப்பன். முப்பத்தாறு வருஷம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டு ஹாலில் பெரிய பலகை போட்டு, அதன்மேல் ஒரு குட்டி ரயில்பாதை அமைத்தார். மூன்று ஸ்டேஷன், ஒரு பாலம், நாலு எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் நகம் அளவு சிப் ஒன்று உண்டு. அதற்கு ஒரு நம்பர். செல்போனில் அந்த நம்பரைத் தொட்டால் அந்த எஞ்சின் மட்டும் நகரும். மற்றது சும்மா நிற்கும்.

“ஹால்ல மனுஷன் உக்கார இடமில்ல. ரயிலுக்கு மூணு ஸ்டேஷன்” என்பார் அக்கா.

இந்த வித்தையை ராயப்பனுக்குக் கற்றுக் கொடுத்தவர் குணவதி டீச்சர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவர். தன் வீட்டு மாடியிலும் இப்படி ஒரு ரயில் வைத்திருக்கிறார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

“நிஜ ரயில நீங்க ஓட்டினீங்க. இந்த ரயில் உங்கள ஓட்டுதுண்ணே” என்று டீச்சர் சிரிப்பாராம்.

ராயப்பனுக்கு ஓர் ஆசை. போன வண்டி போன பாதையிலேயே முகம் திருப்பி வர வேண்டும். அதற்காகப் பாதையின் கடைசியில் ஒரு வளையம் போட்டார்.

எனக்கு அது பிடிபடவில்லை. அக்கா கையிலிருந்த ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். சிலுவை தொங்குகிற வால்தான் பாதை. மேலே இருக்கிற வட்டம்தான் வளையம். வாலில் ஏறிய வண்டி வட்டத்தைச் சுற்றி, மறுபடி வாலுக்கே வந்து இறங்கும்.

இதில் ஒரு வில்லங்கம். தண்டவாளத்தில் இரண்டு கம்பி. இரண்டிலும் வேறு வேறு கரண்ட். வளையம் சுற்றி வரும்போது இடது கம்பி போய் வலது கம்பியோடு சேருகிறது. சேர்ந்தால் ஷார்ட். அதனால் வளையத்தில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் வெட்டிப் பிரித்து, அதற்கு மட்டும் ஒரு கறுப்பு டப்பா வழியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குத் தக்கபடி டப்பா கரண்டை மாற்றிக் கொடுக்கும்.

ராயப்பன் வெட்டினார். டப்பாவும் வைத்தார். எஞ்சின் தனியாகப் போனால் திரும்பி வந்தது. தண்டவாளத்திலிருந்தே கரண்ட் எடுத்து விளக்கு எரிகிற ஆறு பெட்டியை மாட்டினால் வளையத்திலேயே நின்றது. அது மட்டுமா? பாலத்தில் போகிற வண்டி நின்றது. ஸ்டேஷன் விளக்கு அணைந்தது. எல்லாமே நின்றது.

எஞ்சின் சிப்பில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற எண்களைப் பதினாலு தடவை மாற்றினார். எஞ்சினையே மாற்றினார். அப்படியும் நின்றது.

“ஒரு வண்டி திரும்புறதுக்கு எதுக்கு மத்ததெல்லாம் நிக்கணும்?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் பெலிக்ஸ் போன் செய்தான்.

பெலிக்ஸ் அவர்களுடைய ஒரே மகன். சாமியார் ஆவதற்காகச் செமினரியில் எட்டு வருஷம் படித்தவன். குருப்பட்டத்துக்கு ஒரு வருஷம் இருக்கும்போது, வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டான். “கோயில்ல எல்லார் மூஞ்சியிலயும் நான் எப்படி முழிப்பேன்? இந்தப் பக்கம் வராத” என்று ராயப்பன் போனிலேயே சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறான். வரவில்லை.

“அம்மா, பொங்கல் லீவுல வரட்டுமா? ஒரு நாள்தான்.”

“வாடா தங்கம்.”

அக்கா போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தார். “ஞாயித்துக்கெழம பெலிக்ஸ் வர்றான்.”

ராயப்பன் கையில் எஞ்சின் இருந்தது. நிமிரவில்லை. “வரட்டும். செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேப்பேன். ஏன்டா பாதியில திரும்பினேன்னு.”

“கேட்டா அப்படியே போயிருவான்.”

“பதில் சொல்லிட்டுப் போகட்டும்.”

“இந்தத் தடவ போனா வர மாட்டான்.”

ராயப்பன் எழுந்தார். எஞ்சினைத் துண்டில் சுற்றிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினார். அன்று வெள்ளிக்கிழமை.

“எஞ்சின் கெட்டுப் போச்சு டீச்சர்.”

டீச்சர் அதை வாங்கித் தன் பாதையில் வைத்தார். ஆறு பெட்டி மாட்டினார். தன் வளையத்தில் விட்டார். சுற்றி வந்தது.

“கெடலையே.”

“என் வீட்ல நிக்குது.”

“இங்க ஓடுது.”

“அப்ப நான்தான் கெட்டுப் போயிட்டனா?”

டீச்சர் எஞ்சினைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். “நாளைக்கு வர்றேண்ணே. வீட்ல ரம்பம் இருக்கா?”

“ரம்பமா? எத அறுக்க?”

டீச்சர் கீழே இறங்கிப் போய் டீ போட ஆரம்பித்துவிட்டார். ராயப்பன் குழப்பத்தோடு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வழியெல்லாம் யோசித்ததை அக்காவிடம் கேட்டார்: “எஞ்சின்ல கோளாறு இல்லன்னா, அறுக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“எனக்கு என்னங்க தெரியும்?”

சனிக்கிழமை டீச்சர் வந்தார். பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வளையத்தில் வெட்டியிருந்த இரண்டு இடத்தையும் தொட்டுப் பார்த்தார். அக்காவின் தையல் டேப்பை வாங்கி அளந்தார். வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே மூன்றடி. அப்புறம் வண்டியை அளந்தார். ஆறடி.

“ஏண்ணே மூணடியோட விட்டீங்க?”

“திரும்புறது எஞ்சின்தானே டீச்சர். எஞ்சினுக்கு மூணடி தாராளம். பெட்டிங்க பின்னாடி வந்துரும்.”

“வந்துச்சா?”

“இல்ல.”

“மெதுவா விடுங்க.”

வண்டி ஊர்ந்து போனது. நின்றது. ஹால் முழுக்க எல்லாம் அணைந்தது.

“எஞ்சின் எங்க இருக்கு?”

“வெளிய போற வெட்டுல.”

“கடைசிப் பெட்டி?”

ராயப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூன்று பெட்டி இன்னும் வெட்டுகளுக்கு நடுவே வரவே இல்லை.

“எஞ்சின் முன்னாடி நின்னு மாத்துங்குது. பெட்டி பின்னாடி நின்னு மாத்தாதங்குது. அந்த டப்பா யார் பேச்சக் கேக்கும்?”

“ரெண்டு பேச்சையும் கேக்க முடியாது.”

“அதான் நின்னுருச்சு.”

டீச்சர் பழைய வெட்டுகளைக் கம்பி வைத்துப் பற்றவைத்து மூடினார். ரம்பத்தை எடுத்து, வளையம் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று புதிதாக அறுத்தார். இப்போது நடுவில் எட்டடி கிடைத்தது.

ஆறு பெட்டியும் விளக்கோடு உள்ளே போயின. சுற்றின. வெளியே வந்தன. பாலத்து வண்டி பாட்டுக்குப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது.

ராயப்பன் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

“வெளிய போறப்ப கரண்டு மாறணுமே. மாறுச்சா?”

“மாறுச்சு.”

“எஞ்சின் ஒரு குலுங்கு கூட குலுங்கலையே.”

“எஞ்சின் மாறலண்ணே. அதுக்கு அடியில இருக்கிற கம்பி மாறிக்கிச்சு.”

“அது எஞ்சினுக்குத் தெரியுமா?”

“அதுக்கு எதுக்குத் தெரியணும்?”

“பதினாலு தடவ எஞ்சினக் குடைஞ்சேனே டீச்சர்!”

“குடைஞ்சதெல்லாம் திருப்பிப் பழையபடி வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு டீச்சர் கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெலிக்ஸ் வந்தான். ஒரு கால் வாசல்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. தோள்பை வெளியே கிடந்தது. ராயப்பன் எழுந்து போய் அவன் எதிரில் நின்றார். வாயைத் திறந்தார். அக்கா அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி அருள் நிறைந்த மரியே என்று ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ராயப்பன் அவன் காலைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

“பஸ்ஸா, ரயிலா?” என்றார்.

“பஸ்ஸுப்பா.”

“ரயில்ல வந்திருக்கலாம்ல.”

“டிக்கெட் கிடைக்கலப்பா.”

ராயப்பன் விலகி நின்றார்.

ஒரு நாள் என்று வந்தவன் அன்று ராத்திரி ரயில் பலகைக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தான். திங்கள்கிழமையும் இருந்தான். செவ்வாய்க்கிழமையும் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான், அம்மாவோடு மார்க்கெட் போனான். எதையும் பற்றிப் பேசவில்லை. ராயப்பனும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. “நான் எதுக்குக் கேக்காம இருக்கேன்னு எனக்கே தெரியல மேரி” என்று அடுப்படியில் வந்து முணுமுணுத்தாராம்.

புதன்கிழமை காலை அக்காவையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை துண்டில் எஞ்சின் இல்லை. மகனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். வராதே என்று தான் சொன்னதையும் சொன்னார்.

“நாலு நாளா கேக்கல டீச்சர். தொண்டையில நிக்குது. எப்பக் கேக்கலாம்?”

“செமினரியில எத்தனை வருஷம்?”

“எட்டு.”

“ஓசூர்ல?”

“ரெண்டு.”

டீச்சர் டீயை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினார். “பத்து வருஷ வண்டிண்ணே. நாலு நாள்ல உள்ள வந்துருமா?”

ராயப்பன் டம்ளரைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

“சரி டீச்சர். முழுசா உள்ள வரட்டும். வந்தப்புறம் கேக்கலாம்ல? ஏன் திரும்பினேன்னு?”

“கேளுங்க. ஆனா அப்ப மாற வேண்டியது வண்டி இல்லண்ணே.”

ராயப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆறிப் போனது.

மூன்றாவது ஆட்டோவில் நாங்கள் ஏறினோம். பெலிக்ஸ் இப்போது மாதம் ஒரு தடவை வருகிறான் என்று அக்கா சொன்னார். ராயப்பன் கேட்டாரா, அவன் என்ன சொன்னான் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பொன்மலைப் பக்கம் போய் அவர்களைப் பார்க்க நேர்ந்தால், நீங்களும் அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.