எல்லாரும் சேர்ந்து செய்த மிருகம்

குளம் வற்றிக்கொண்டே வந்தது. காட்டில் வேறெங்கும் தண்ணீர் இல்லை. அந்த நேரம் பார்த்தா புள்ளிமான் குட்டி போட வேண்டும்? போட்டுவிட்டது. குட்டி எழுந்து நின்றாலே கால் நடுங்கியது. தாய் அதைக் கரையோரப் புதருக்குள் ஒளித்து வைத்தது. சிறுத்தையோ தினமும் அந்தியில் அதே குளத்துக்குத்தான் தண்ணீர் குடிக்க வந்தது.

புள்ளிமான் முள்ளம்பன்றியிடம் ஓடியது.

"அண்ணே, என் பிள்ளை ஓடப் பழகுற வரைக்கும் அந்தப் பாவியை இந்தப் பக்கம் வராம பண்ணுங்களேன்!"

"எனக்கே இடுப்பு வலி, தாயி," என்று முனகியது முள்ளம்பன்றி. ஆனாலும் யோசித்தது. சிறுத்தை பயப்படும்படி அந்தக் காட்டில் ஒருவரும் இல்லை. இல்லையென்றால் ஒன்றை உண்டாக்க வேண்டியதுதான்!

கரடியையும் காட்டுப்பன்றியையும் கூப்பிட்டது. "யாருமே பார்க்காத ஒரு மிருகத்தை நாம செய்யப்போறோம்!"

"பத்துத் தலை வைப்போமா?" என்றது கரடி ஆசையாக.

"பத்துத் தலையை எவன் நம்புவான்? ஒண்ணு போதும்! நம்மளை மாதிரி அதுவும் படுக்கணும், அரிச்சா சொறியணும். அப்பத்தான் பயம் வரும்!"

கரடி பாறைமேல் ஏறி நின்று, மருதமரத்தின் பட்டையை உயரத்தில் கீறியது. காட்டுப்பன்றி கோரைப்புல்லில் புரண்டு புரண்டு பெரிய படுக்கை உண்டாக்கியது. பிறகு கரடி ஈரச்சேற்றில் அகல அகலமாகத் தடம் பதித்தது.

"ஒரு காலை இழுத்து நட!" என்றது முள்ளம்பன்றி.

"எதுக்கு?"

"காயமே படாத மிருகம் எங்கேயாவது இருக்கா?"

தங்கள் வாடை தெரியாமலிருக்க எல்லாவற்றிலும் காட்டெருமைச் சாணியைப் பூசினார்கள். அந்தியில் முள்ளம்பன்றி புதருக்குள் இருந்து முட்களைக் கலகலவென்று உதறியது.

சிறுத்தை தடத்தைப் பார்த்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தது. "அடேயப்பா! நொண்டியே இவ்வளவு உயரமா?" என்று வந்த வழியே திரும்பிவிட்டது.

புள்ளிமான் அழுதேவிட்டது. அன்றைக்குத்தான் அது நிம்மதியாகப் பால் கொடுத்தது.

ஆனால் வேலை முடியவில்லை. தடம் தினமும் காய்ந்தது. தினமும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. சிறுத்தையும் தினமும் தாகத்தோடு தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முள்ளம்பன்றி எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தது.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போன மாமா மாதிரி மயில் வந்து நின்றது.

"இவ்வளவு பெரிய மிருகத்துக்கு என் தோகை இல்லையா?"

"நொண்டி மிருகத்துக்குத் தோகை எதுக்கு? காரியம் கெட்டுப்போகும்!"

"அப்படின்னா நான் உங்களுக்கு வேண்டாதவனா?"

குரங்கு வந்தது. "வால் வைக்கலையா? என் வாலை இழுத்துக் கோடு போடுறேன்!" முயல் வந்தது. "என் கால் தடமும் ஒரு ஓரமா இருக்கட்டுமே!"

முள்ளம்பன்றி வேண்டாம் என்றது. மறுநாளும் வந்தார்கள். வேண்டாம் என்றது. அதற்கடுத்த நாள் கரடியையும் சிபாரிசுக்கு அழைத்து வந்தார்கள். முள்ளம்பன்றிக்குத் தலை சுற்றியது. பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது.

"சரி! என்னமோ பண்ணித் தொலைங்க!" என்று சொல்லிவிட்டு வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்று அந்தியில் சிறுத்தை வந்தது. படுக்கையில் மயிலிறகு. தடத்துக்கு நடுவே வால் இழுத்த கோடு. பக்கத்தில் முயல் தத்திய குழிகள். சிறுத்தை சிரித்துவிட்டது.

"இது மிருகமா? ஊர்க்கூட்டம்! என்னைப் பார்த்துப் பயந்ததெல்லாம் சேர்ந்து செஞ்சிருக்கு! இப்படி மெனக்கெட்டு எதை ஒளிச்சு வெச்சிருக்கு?"

வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. பிறகு நேராகக் கரையோரப் புதருக்குள் நுழைந்தது.

காலையில் புள்ளிமான் வளை வாசலில் வந்து நின்றது. மயிலிடம் போகவில்லை, குரங்கிடம் போகவில்லை. குடிக்கக் குட்டி இல்லாமல் மடியில் பால் கட்டியிருந்தது.

"அண்ணே, அதெல்லாம் சேர்த்தா கெட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தாயி."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?"

"அலுத்துப்போச்சு, தாயி," என்றது முள்ளம்பன்றி. புள்ளிமான் குளத்துப் பக்கம் திரும்பிப் பாராமல் போய்விட்டது.

தவறு என்று தெரிந்தும் அலுப்பில் 'சரி' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறவர், தெரியாமல் தவறு செய்தவரைவிடப் பெரிய குற்றவாளி.