ஒரு சாண் தூரம்

ஆலயம் ஒன்றில் பெரிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. பிரசங்க பீடத்துக்கு மேலே, எவர் கைக்கும் எட்டாத உயரத்தில் அதை மாட்டியிருந்தார்கள். கீழே, மூன்றாவது பெஞ்சில் உட்காரும் நல்லதாயின் வலது காதில் ஒரு சின்ன மிஷின் இருந்தது. அது இல்லாவிட்டால், காதோடு காதாகச் சொன்னால் ஒழிய அவளுக்கு எதுவும் கேட்காது.

இரண்டுக்கும் ஆகாது.

"ஏலே சுண்டைக்காய், நான் வாயத் திறந்தா ஊருக்கே கேக்கும். நீ?" என்று ஒலிபெருக்கி சீண்டும்.

"எனக்கு ஒருத்திதான் அண்ணாச்சி. ஆனா அவ அழுதா எனக்குத் தெரியும். உமக்கு யார் அழுறாங்கன்னு என்னைக்காவது தெரிஞ்சிருக்கா?" என்று மிஷின் திருப்பிக் கேட்கும்.

மகன் கிதியோனை அடக்கம் செய்த பிறகு நல்லதாய் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக ஆலயத்துக்கு வந்தாள். குடித்துவிட்டு பைக்கில் வந்தவன் குளத்துப் பாலத்தில் மோதிச் செத்துப்போயிருந்தான். அடக்கத்தன்று மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. குழியருகே என்ன ஜெபித்தார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. அதனால் அன்று காலையில் புது பேட்டரி போட்டாள்.

"இன்னைக்கு ஒரு வார்த்தையாவது எனக்குக் கேக்கணும்" என்று சொல்லி, முந்தானையால் மிஷினைத் துடைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மிஷின் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது.

போதகர் தியோடர் பீடத்தில் ஏறினார். கொஞ்ச நேரம் சாதாரணமாகப் பேசினார். பிறகு மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தார். அடுத்து என்ன வரும் என்று ஒலிபெருக்கிக்குத் தெரியும். அது தயாரானது.

"நம்ம தெருவுல குடிச்சுச் செத்தானே, அவன் இப்ப எங்க இருக்கான்? சொல்லட்டுமா? நரகத்துல தண்ணி தண்ணின்னு கத்திக்கிட்டுக் கெடக்கான்!"

தலைகள் மூன்றாவது பெஞ்சை நோக்கித் திரும்பின.

"அண்ணாச்சி, நிறுத்தும்!" என்றது மிஷின். "கீழ பாரும். அவனைப் பெத்தவ இருக்கா."

"கீழ பாக்குற பழக்கம் எனக்கு இல்ல. மைக் குடுக்கத நான் குடுக்கேன்."

"மைக்கே, நீயாவது சொல்லேன்."

"என்னத்தச் சொல்ல? எம் மூஞ்சியெல்லாம் அவர் எச்சில். கத்தினாத்தான் ஆவியானவர் பேசுறார்னு அவருக்கு ஒரு நெனப்பு" என்றது மைக்.

"அப்போ பாவத்தைப் பாவம்னு சொல்லக் கூடாதாலே?" என்று ஒலிபெருக்கி அதட்டியது.

"சொல்லணும். அவன் உசிரோட சாராயக்கடை வாசல்ல நின்னப்போ, தோள்ல கையப் போட்டுச் சொல்லியிருக்கணும். ஒருநாள் போயிருப்பாரா இவர்? இப்போ அவன் வர மாட்டான்னு தெரிஞ்சு கத்துறார். பதில் சொல்ல முடியாதவன்கிட்ட என்ன வீரம்?"

போதகர் நாக்கை நீட்டி, "தண்ணி! தண்ணி!" என்று நடித்துக் காட்டினார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மிஷினால் ஒரு வார்த்தையைக்கூடத் தடுக்க முடியவில்லை. புது பேட்டரி. எல்லாம் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிரிப்பும்.

நல்லதாய் அழவில்லை. காணிக்கைப் பை வந்தபோது காதிலிருந்த மிஷினைக் கழற்றி அதில் போட்டாள். எழுந்து வெளியே போனாள்.

"நீ ரூபா மாதிரி இல்லையே" என்றது பை.

"அவகிட்ட இருந்ததுலயே பெரிசு நான்தான். இனிமே இங்க கேக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு குடுத்துட்டுப் போறா."

மூடி வைத்தால் கீச்சென்று கத்துவது அந்த மிஷினின் சுபாவம். பையின் இருட்டில், சில்லறைக்கு நடுவே, அது கத்தத் தொடங்கியது. அன்று ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. போதகர் பையை வாங்கி, மைக் முன்னால் உயர்த்தி, ஜெபிக்க வாயெடுத்தார். இத்தனை வருஷமாக எச்சிலை வாங்கிய மைக் இதையும் வாங்கிக்கொண்டது. ஒலிபெருக்கிக்கு வேறு வழியில்லை. அந்த அலறல் சுவருக்குச் சுவர் மோதியது. சபையே காதைப் பொத்திக்கொண்டது.

"என்னலே இது?" என்று பதறியது ஒலிபெருக்கி.

"நீர் கத்தும்போது அவளுக்கு உள்ள எப்படி இருக்கும்னு கேட்டீரா? இப்படித்தான் இருக்கும்."

அப்போதுதான் ஒலிபெருக்கி கீழே பார்த்தது. மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் பையிலிருந்து மிஷினை எடுத்து, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நல்லதாயின் வீட்டுக்கு நடந்தார். நல்ல வெயில். அவள் அவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்கய்யா. தண்ணி."

அவர் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இன்னொரு கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார்.

"வேண்டாம். அது அங்கேயே கெடக்கட்டும்" என்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எம்மவன் எங்க இருக்கான்? மிஷின் இல்ல, காதுகிட்ட வந்துதான் சொல்லணும்."

தலையைச் சாய்த்து, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

அவர் குனிந்தார். ஒரு சாண் தூரம்தான். மிஷின் வருஷக்கணக்காக அழுத்திய தடம் அந்தக் காதில் கறுத்திருந்தது. வாயைத் திறந்தார். மூடினார்.

"சொல்லுங்கய்யா. ஊருக்கே சொன்னீங்கல்ல."

செம்பிலிருந்து தண்ணீர் அவர் காலில் சிந்தியது. அவள் காதைக் கொடுத்தபடியே நின்றாள்.

மிஷின் சட்டைப்பைக்குள் காத்திருந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது.

அவருடைய எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்ட மிஷின் அது. இந்தச் சத்தத்தை அவற்றில் ஒன்றிலும் கேட்டதில்லை.